மைமூன் கடைத் தூண்டில் ரீல்

அந்தக் காலம் என்றும் சொல்ல முடியாது, நேற்று என்றும் சொல்ல முடியாது. பழனியிலிருந்து மேலே ஏறும் மினிபஸ்ஸில் பாட்டு போடாதே என்று ஊரே சண்டை பிடித்து, பிறகு பாட்டில்லாமல் அந்த வளைவுகளைத் தாண்ட முடியவில்லை என்று அதே ஊர் டிரைவரிடம் போய்க் கெஞ்சிய சமயம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதுதான் வெண்கானலில் மைமூன் பீவியின் காயலான் கடைக்கு அந்த மரப்பெட்டி வந்து இறங்கியது. ஏரிக்கரையில் வெள்ளைக்காரர்கள் மீன் பிடிப்பதற்கென்றே கட்டி வைத்திருந்த கிளப், ஐப்பசி மழையில் தானாகவே உட்கார்ந்துவிட்டது. கதவு ஒருவருக்கு, ஓடு ஒருவருக்கு, பில்லியர்ட்ஸ் மேசை பள்ளிக்கூடத்துக்கு என்று எல்லாம் பிரிந்துபோன பிறகு, யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியது பெட்டி நிறையப் பழைய தூண்டில் ரீல்கள்தான்.

மைமூனுக்கு உலகத்தில் பொருள் என்று ஒன்று கிடையாது, உலோகம்தான் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டைப் பற்றிப் பேசமாட்டாள், அண்டா என்ன கனம் என்றுதான் சொல்வாள். கடைக்கு வருகிற சாமானை முதலில் கயிற்றில் தொங்கும் காந்தத்திடம் காட்டுவாள்; ஒட்டினால் இரும்பு மூலைக்கு எறிவாள். ஒட்டாவிட்டால் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பாள். கனமே இல்லையென்றால் அலுமினியம். கனம் இருந்தால் அரத்தை எடுத்து ஓரத்தில் மூன்று இழுப்பு நன்றாக இழுப்பாள், ஏனென்றால் மேலே பளபளப்பதை நம்பி வாங்கிய காயலான் கடைக்காரர் யாரும் உருப்பட்டதில்லை. மேலே வெள்ளையும் உள்ளே மஞ்சளுமாக இருந்தால் நிக்கல் முலாம் பூசிய பித்தளை, உள்ளேயும் வெள்ளையாகவே இருந்தால் ஜெர்மன் சில்வர், சிவப்போடிய மஞ்சளாக இருந்தால் கன்மெட்டல், சாம்பலாக இருந்தால் துத்தநாகம். "வயிறு தெரியிற வரைக்கும் இழுக்கணும், இல்லேன்னா அது நம்மள ஏமாத்திரும்" என்பாள். ரீல்களையும் அப்படித்தான் பிரித்தாள். நூல் சுற்றுகிற உருளைகளைக் கழற்றிக் கழற்றி, அரம் போட்டு, பித்தளை ஒரு பக்கம் அலுமினியம் ஒரு பக்கம் என்று குவித்துக்கொண்டே வந்தவள், கடைசி ரீலைக் கையில் எடுத்தாள்.

அது மற்றவற்றைவிடப் பளபளப்பாக, புதுப் பெண் மாதிரி இருந்தது. உருளையில் ஒரு முழம் நூல்கூட இல்லை. உள்ளே அச்சு ஆடுகிறதா என்று பார்க்கக் கைப்பிடியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள், சுற்றும்போது வழக்கம்போல ரஹ்மத் சாப்பிட்டாளோ என்னவோ என்று நினைத்தாள். நினைத்ததுதான் தாமதம், ரீல் கனத்தது.

ரஹ்மத் அவளுடைய ஒரே மகள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தாள். வேலைக்காகப் போனவள் இல்லை, கோபத்தில் போனவள். அவளுடைய அத்தா, மைமூனின் புருஷன் காதர்மைதீன், இறந்துபோனபோது, அவர் ஓட்டிய ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் கடையின் இடதுபக்கச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் முடியாததுமாக மைமூன் அந்த வண்டியைக் கழற்றினாள். இரும்பை இரும்போடும் அலுமினியத்தை அலுமினியத்தோடும் போட்டு, லாரியில் ஏற்றிவிட்டாள். பழனிக்குப் போய்விட்டு வந்த ரஹ்மத் வெறும் சுவரைப் பார்த்தாள். "எங்கத்தாவ எடைக்குப் போட்டுட்டேல்ல" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு போனில் அவள் பேசிய மொத்தப் பேச்சும் "ம்" என்பதுதான்.

கனத்த ரீலை மைமூன் விடவில்லை. மத்தியானம் முழுக்க, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை, விட்டு விட்டுச் சுற்றிக்கொண்டேயிருந்தாள். இருட்டுவதற்கு முன் வந்த பஸ்ஸிலிருந்து, கழுத்தில் அளவு டேப்பும் இடுப்பில் கம்பெனித் துணியுமாக, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு ரஹ்மத் இறங்கி வந்தாள்.

"யாரும்மா என் தொப்புள்ல கயித்தக் கட்டி இழுக்குறது?"

"நான்தான். கையக் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றாள் மைமூன்.

ரஹ்மத் சாப்பிட்டாள். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று முகம் சொன்னது, வாய் சொல்லவில்லை. வெறும் சுவரைப் பார்த்தபடி படுத்தாள், விடிந்ததும் பஸ் ஏறினாள். பஸ் முதல் வளைவில் இறங்கியதும் கடைக்குள் ரீல் தானாகவே சுழன்று, கிர்ர்ர் என்று, அவள் போகப் போக நூலை விட்டுக்கொண்டேயிருந்தது. கண்ணுக்குத் தெரியாத நூல் என்பதால் அது எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியவில்லை.

எதிர்த்த டீக்கடை பூங்கோதை இதையெல்லாம் பார்த்துவிட்டாள். அவள் பார்த்துவிட்டால் ஊர் பார்த்த மாதிரி. மறுநாள் காலையில் கோயமுத்தூரில் ஒரு மகன், சென்னையில் ஒரு மகள், ஓசூரில் ஒரு மருமகன் என்று வைத்திருந்த அத்தனை பேரும் கடை வாசலில் நின்றார்கள். யார் சுற்றினாலும் அவரவர் மனத்தில் இருக்கிற ஆள் வந்து சேர்ந்தார். அதிசயம் என்று ஒருவரும் சொல்லவில்லை, வரிசையில் யார் முன்னால் என்றுதான் சண்டை வந்தது. ஜமாத்துத் தலைவரும் சர்ச் ஃபாதரும் முருகன் கோயில் தர்மகர்த்தாவும் சேர்ந்து உட்கார்ந்து முறை வைத்தார்கள். வண்டி ஓட்டுகிற பிள்ளையைச் சுற்றக் கூடாது, பரீட்சை எழுதுகிற பிள்ளையைச் சுற்றக் கூடாது, சுற்றுவதற்கு முன்னால் போன் போட்டு "இன்னைக்குச் சுத்தப்போறேன், அடுப்புல ஏதும் வச்சிருக்கியா?" என்று கேட்டுவிட வேண்டும். மினிபஸ் கண்டக்டரும் பழகிக்கொண்டார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறவர்களை முன்சீட்டில் உட்காரவைத்து, அவசரம் தெரிந்து வண்டியை விடச் சொல்வார். பூங்கோதையே ஒரு நாள் தன் புருஷனை நினைத்துத்தான் சுற்றுவதாகச் சொல்லிச் சுற்றினாள். சாயங்காலம் ஒட்டன்சத்திரத்திலிருந்து நரைத்த மீசையுடன் யாரோ ஒரு ரிட்டயர்டு தபால்காரர் வந்து கடை முன்னால் நின்றார். ஊர் மரியாதையான ஊர். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு வார்த்தை மழையைப் பற்றிப் பேசி, பஸ் ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.

ஆனால் ஒருமுறை இழுத்த நூல் அறுவதில்லை. ஊரில் பாதிப் பிள்ளைகள் அந்த ஒற்றை உருளையில் சுற்றிக்கிடந்தார்கள். கனத்துக் கனத்து, ரீலை ஒரு கையால் தூக்க முடியாமல் ஆகி, ஒரு நாள் காலையில் மைமூன் துடைக்கும்போது உருளையின் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. அவள் ரஹ்மத்தை நினைத்தாள். வாரம் ஒருமுறை, பேசாவிட்டாலும், எதிரில் உட்கார்ந்து தன் கையால் வடித்த சோற்றைத் தின்கிற மகள். இந்த விரிசல் ஓடினால் அதுவும் இல்லை.

மிக்கேலைக் கூப்பிட்டாள். மிக்கேல் லேத்துப் பட்டறையும் காஸ் வெல்டிங்கும் வைத்திருந்தான், ஏரிப் படகுகளுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். விரிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடைச்சிரலாம்க்கா. ஆனா என்ன உலோகம்னு சொல்லிருங்க. பித்தளை, கன்மெட்டல்னா நிமிசத்துல பத்துவச்சிருவேன். அலுமினியம்னா நம்மகிட்ட ஆகாது. துத்தநாகம்னு வைங்க, தீயக் காட்டுனா நெய்யா ஓடிரும், அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

அவ்வளவுதான், ஊருக்கு வேறு வேலை ஓடவில்லை. பத்மநாபன் ஆசாரி உரைகல்லோடு வந்து, இது சுத்தமான ஜெர்மன் சில்வர், பழைய ரீல்களில் எல்லாம் விளிம்புக்கு அதுதான் போடுவார்கள் என்றார். பாத்திரக்கடைக்காரர் நகத்தால் சுண்டிவிட்டு, சத்தம் நீளவில்லையே, ஆனாலும் வெண்கலமாகத்தான் இருக்கும் என்றார். பள்ளிக்கூட சயின்ஸ் வாத்தியார் தண்ணீரில் முக்கி எடை பார்க்கலாம் என்று வாளியெல்லாம் கொண்டுவந்தார். ஆனால் ரீலில் இருந்தது உலோகத்தின் கனம் மட்டுமா, ஊர்ப் பிள்ளைகளின் கனமும்தானே, கணக்கு எங்கே நிற்கும்? கடைசியில் எல்லாரும் மைமூனைப் பார்த்தார்கள்.

மைமூன் அரத்தை எடுத்தாள். ரீலை மடியில் சாய்த்துக்கொண்டாள். எத்தனையோ ஆயிரம் சாமான்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த கை அது, அதற்கு அதுவரை கூசியதே இல்லை. இப்போது அரம் விளிம்பைத் தொட்டதும், அதற்கு அந்தப் பக்கம் திருப்பூரில் ஒருத்தி குனிந்து வேலை செய்துகொண்டிருப்பது போலத் தோன்றி, கை கூசிவிட்டது. அவள் ஒரே ஒரு இழுப்பு, அதுவும் குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி, லேசாக இழுத்தாள். வெள்ளைக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு மினுங்கியது.

"கன்மெட்டல்" என்றாள்.

"இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்துப் பாத்துருங்கக்கா" என்றான் மிக்கேல்.

"போதும் தம்பி. வலிக்கும்."

எதற்கு வலிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மிக்கேல் செங்கல் மேல் உருளையை வைத்துத் தீயைக் காட்டினான். முதலில் மேல்தோல் பாலாடை போலச் சுருங்கியது. மிக்கேல் தீயை விலக்குவதற்குள் உள்ளிருந்ததெல்லாம் இளகி, உருளை ஒரு பக்கமாகச் சாய்ந்து, செங்கல்லில் சாம்பல் நிறத்தில் பரவி உட்கார்ந்துவிட்டது. அப்போது கிளம்பிய சத்தம் கிர்ர்ர் என்று மலையிறங்கிப் போய்க்கொண்டேயிருந்தது. கடையில் தொங்கிய தகரமெல்லாம் ஆடின. சத்தம் ஓய்ந்தபோது அத்தனை தாய் தகப்பன்மாரும் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யாரும் மைமூனைத் திட்டவில்லை. திட்டாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எல்லாரும் போன பிறகு, உருகாமல் தப்பிய விளிம்புத் துண்டை எடுத்து, இனி யாருக்கு வலிக்கப்போகிறது என்று, மூன்று இழுப்பு இழுத்தாள். மேலே வெள்ளை நிக்கல், அதற்கடியில் முடியளவுக்குச் செம்பு, அதற்கடியில் முழுக்க முழுக்கத் துத்தநாகம். முலாம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று எவனோ செம்பைப் பூசி, அதன் மேல் நிக்கலைப் பூசியிருக்கிறான். தராசுத் தட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு மைமூன் அழுதாள்.

மறுநாள் பூங்கோதை பஜ்ஜிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். "என்னக்கா?" என்று கேட்டவர்களிடம், "தெரியல, எவனோ இழுக்குறான், என் மவன்னுதான் நெனைக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஜமாத்துத் தலைவர், அவருக்குப் பின்னால் வாத்தியாரின் மனைவி. உருளைதான் உருகியதே தவிர நூல் உருகவில்லை. அதன் இன்னொரு நுனி பிள்ளைகளிடம் இருந்தது. போன் போட்டுக் கேட்டால், வலது கை தானாகக் காற்றில் சுற்றுகிறது என்றார்கள். வேண்டாமென்றால் கையை அக்குளில் வைத்துக்கொண்டால் போதுமாம், நின்றுவிடுமாம்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. பெட்டியில் எப்போதும் ஒரு மாற்றுச் சேலை, மாத்திரை, கொஞ்சம் முறுக்கு என்று தயாராக இருந்தார்கள். மூன்று மகன்களைப் பெற்ற சவரியப்பன் மூன்று திசையிலும் இழுபட்டு பஸ் ஸ்டாண்டிலேயே சுற்றிச் சுற்றி நின்றார். யாராவது உட்காரச் சொன்னால், "இருக்கட்டும்ப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். சிலர் பழனி வரைக்கும் போனதும் இழுப்பு நின்றுவிடும். கை அக்குளுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அவர்கள் அடிவாரத்தில் ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார்கள். அவர்களிடம் எங்கே போனீர்கள் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.

மைமூனை யாரும் இழுக்கவில்லை. அவள் கடையைத் திறந்தாள், காந்தத்தைக் கட்டினாள், அரம் போட்டாள். ஒவ்வொரு பஸ் கிளம்பும்போதும் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். ஒன்றும் இல்லை. ஜமாத்துத் தலைவர் திரும்பி வந்து பேரனைப் பற்றிச் சொல்லும்போது, மாஷா அல்லாஹ் என்று மனசாரச் சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள்.

சேலையெல்லாம் கரியாக, யாரோ கொண்டுவந்த பழைய பம்ப் செட்டைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தொப்புளுக்குள் ஏதோ கொக்கி மாட்டியது. ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்தாள். சேலையை மாற்றவில்லை, கடையைப் பூட்டவில்லை, மிக்கேலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். மினிபஸ் கண்டக்டர் அவளைப் பார்த்ததும் முன்சீட்டுக்காரரை எழுப்பிவிட்டார். பழனியில் திருப்பூர் பஸ் மாறினாள். இழுப்பு ஒழுங்காக இருந்தது, சில சமயம் வெடுக்கென்று கோபமாக இருந்தது, அதுவும் அவளுக்கு இனித்தது.

தாராபுரத்துக்குள் பஸ் நுழைந்தபோது இழுப்பு நின்றது.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து இறங்கினாள்.

"ஏம்மா, திருப்பூருக்குத்தானே டிக்கெட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"எம்மக விட்டுட்டா தம்பி."

"விட்டா என்னம்மா? இன்னும் ஒரு மணி நேரந்தான். போய்ப் பாத்துட்டு வாங்க."

"இல்ல தம்பி. அவ சுத்துனாத்தான் போவேன்."

பஸ் ஸ்டாண்டுச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தாள். திருப்பூர் பஸ்கள் வந்து வந்து போயின. அவள் அந்த மகளை எத்தனை முறை இழுத்து வந்து எதிரில் உட்காரவைத்திருக்கிறாள். ஒருமுறையாவது வருகிறாயா என்று கேட்டதில்லை. இழுத்து வந்த பிள்ளையிடம் மனசில் இருப்பதைச் சொல்லவும் வாய் வந்ததில்லை. அந்த வண்டி சுவரோரம் நின்ற நாட்களில், காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, அவர் உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்து இரண்டு டீ போட்டுவிடுவாள். இரண்டாவது டீயை ஊற்றிக் கழுவி ஊற்றிக் கழுவி முடியாமல்தான் வண்டியைக் கழற்றினாள். இதைச் சொல்லியிருந்தால் ரஹ்மத்துக்குப் புரிந்திருக்கும். சொல்லாமல், இரும்பு வேறு அலுமினியம் வேறு என்று பிரித்துவிட்டாள். இப்போது அவள் கை அக்குளில் இருக்கிறது. அது அவள் கை, அவள் இஷ்டம். மைமூனுக்கு அழுகை வந்தது, ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை.

வெயில் சாயத் தொடங்கியது. பழனிக்குத் திரும்பும் பஸ் வந்து நின்றது. மைமூன் எழுந்து, சேலையை உதறி, படியில் ஒரு காலை வைத்தாள்.

வயிற்றில் லேசாக ஒரு சொடுக்கு.

அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, பெரிய மீனை நூல் அறுந்துவிடாமல் கரைக்குக் கொண்டுவருகிறவர்கள் செய்கிற மாதிரி, பொறுமையாக, பயந்து பயந்து. மைமூன் காலை எடுத்துவிட்டு, கிளம்பிக்கொண்டிருந்த திருப்பூர் பஸ்ஸைக் கையைத் தட்டி நிறுத்தினாள்.

திருப்பூரில் இறங்கியபோது விளக்குகள் போட்டிருந்தார்கள். அத்தனை கூட்டத்திலும், கடலை வண்டிக்குப் பக்கத்தில், வலது கையை இடுப்போரம் வைத்துச் சுற்றிக்கொண்டு ரஹ்மத் நிற்பது தெரிந்தது. மைமூன் நடந்தாள், அல்லது நடத்தப்பட்டாள். பக்கத்தில் போகும்வரை காத்திருக்க முடியாமல், நாலைந்து பேருக்கு இந்தப் பக்கம் இருந்தே சொல்ல ஆரம்பித்தாள்.

"அந்த வண்டி நின்னா உங்கத்தா வருவாருன்னே உக்காந்திருந்தேன்டி. தாங்க முடியல. அதான் போட்டேன். உன்னையக் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்புதான்."

கடலைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ரஹ்மத்தின் கண்கள் நிறைந்து வழிந்தன. கையை எடுத்துத் துடைத்துக்கொள்ளவில்லை, அந்தக் கை சுற்றிக்கொண்டேயிருந்தது.

"மத்தியானத்துலருந்து சுத்துறியேடி, கை விட்டுப்போயிராதா? நிறுத்து. அதான் வந்துட்டேன்ல" என்றாள் மைமூன், இரண்டடி தூரத்தில் நின்று.

"இன்னும் வரல" என்றாள் ரஹ்மத். "பேசாம வாம்மா."

மைமூன் மிச்சத்தையும் நடந்தாள். அவள் நெற்றி மகளின் தோளில் இடித்த பிறகுதான் அந்தக் கை நின்றது.